ஏழாம் மாடிக்கு டீசல்

விடியற்காலை பாங்கு சொல்லி முடிவதற்குள் நாங்கள் மூன்றாம் மாடியைத் தாண்டியிருப்போம். ஆளுக்கொரு கேன். டீசல் தளும்பினால் கை வழுக்கும். படியில் சிந்தினால் கட்டடம் முழுக்க நாறும், வருகிறவர் போகிறவரெல்லாம் திட்டுவார்கள். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தோளால் உரசிக்கொண்டு ஏறுவோம். லிஃப்ட் நின்று வருடங்களாகிவிட்டன. அதன் கதவில் யாரோ ஒட்டிய கல்யாண அழைப்பிதழ் இன்னும் இருக்கிறது. அந்தத் தம்பதிக்கு இந்நேரம் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்.

எங்கள் தொழில் இணையதளம் செய்து கொடுப்பது. சொன்னால் சொந்தக்காரர்கள் கண்ணாடி அறையையும் குளிர்காற்றையும் நினைத்துக்கொள்வார்கள். ஒரு காலத்தில் அதெல்லாம் இருந்தது. இப்போது பெய்ரூத்தில் எங்கள் தெருவுக்கு அரசாங்க மின்சாரம் இருட்டோடு வந்து வெயில் ஏறுமுன் போய்விடுகிறது. கனமான படங்களையும் காணொளிகளையும் அதற்குள் ஏற்றிவிட வேண்டும். அதன் பிறகு பால்கனியில் உள்ள ஜெனரேட்டர்தான் தெய்வம். அதற்கான டீசல் தரைக்கடியில், வண்டி நிறுத்துமிடத்துப் பீப்பாயில் இருக்கிறது.

முன்பு கட்டடக் காவலாளிதான் சுமந்தார். கூலி கூட்டிக் கேட்டார் என்று முதலாளி ஷர்பெல் அவரை வேண்டாமென்றுவிட்டார். அப்புறம் எங்களிடம் வந்து, "என் கண்ணுங்களா, நாமெல்லாம் ஒரே குடும்பம். வீட்டுக்குத் தண்ணி தூக்கமாட்டீங்களா?" என்று சிரித்தார். உஸ்தாஸ் என்று மரியாதையாக அழைத்தே பழகிய மனிதரிடம் என்ன சொல்வது? தூக்கினோம். அவருக்கு மட்டும் இடுப்பு சரியில்லை.

அவரை ராட்சசன் என்று சொல்ல மாட்டேன். காரை விற்று அந்த ஜெனரேட்டரை வாங்கியவர். எங்கள் கூடவே உட்கார்ந்து, ஸாத்தர் பொடி தூவிய அதே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே வேலை பார்ப்பார். சம்பளத்தைக் குறைத்தபோதும் கண் கலங்கித்தான் குறைத்தார். எங்களுக்குக் கலங்கவில்லை. சரி உஸ்தாஸ் என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டோம். அந்த வருடம் எங்களுக்கு எதுவுமே உறைக்கவில்லை.

ஹாகொப் விழுந்ததும் அப்படிப்பட்ட ஒரு காலையில்தான். ஹாகொப் ஆர்மீனியன், எங்கள் இணையதளங்களின் முகப்பெல்லாம் அவன் வரைந்தது. ஐந்தாம் மாடித் திருப்பத்தில் ஒரு படிக்கல் பெயர்ந்து கிடந்தது. அதில் கால் வைத்தான், கேனோடு சரிந்தான். பின்னால் நானும் ஜுமானாவும் வந்துகொண்டிருந்தோம். ஜுமானா தளங்களுக்கு அரபியில் வாசகம் எழுதுகிறவள்.

நாங்கள் இருவரும் பாய்ந்துபோய்க் கேனைத்தான் முதலில் நிமிர்த்தினோம். ஜுமானா தன் தலைத்துணியின் முனையால் மூடியைப் பொத்திப் பிடித்தாள். எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று நான் படிகளைப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் ஹாகொப்பைப் பார்த்தோம். மணிக்கட்டு கோணிக்கொண்டு தொங்க, சுவரில் சாய்ந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேனுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டான்.

"கொஞ்சம்தான் சிந்துச்சு" என்றேன் நான்.

அவன் நையாண்டியாகத்தான் கேட்டான். நான் நிஜமாகவே பதில் சொன்னேன். அது எனக்கு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. என்னைப் பார்த்து எனக்கே பயம் வந்தது.

மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். உஸ்தாஸ் அவன் வீட்டுக்கு ஒரு பெட்டி பக்லாவா இனிப்பு கொடுத்தனுப்பினார். சில நாளில் ஹாகொப் கட்டோடு வந்துவிட்டான். இடது கையால் மவுஸ் பிடிக்கப் பழகிவிட்டேன், வேகம்தான் போதாது, வந்துவிடும் என்று எங்களிடம் சந்தோஷமாகச் சொன்னான். தன் இடத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டிப் பாஸ்வேர்டு போட்டான். திறக்கவில்லை. இடது கை பழகாததால் தவறாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து மறுபடி போட்டான். மறுபடியும். குவைத்துக் கம்பளக் கடையின் தளம் அன்று மதியத்துக்குள் திறந்தாக வேண்டும். உங்களைக் காக்க வைக்கிறேன், மன்னிச்சுக்குங்க என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே தட்டினான்.

எனக்கும் ஜுமானாவுக்கும் புரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் யாரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள மாட்டார்கள். பாஸ்வேர்டு திறக்காது, அவ்வளவுதான்.

உஸ்தாஸ் எழுந்து வந்தார். நன்றாகக் குணமாகட்டும், கொஞ்ச காலம் வீட்டில் இரு, அப்புறம் பார்க்கலாம் என்றார். ஹாகொப் மருத்துவச் செலவைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"டீசல் தூக்கறது உன் வேலை இல்லையே ஹாகொப்" என்றார் உஸ்தாஸ், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. "அதை எப்படி வேலையில பட்ட அடின்னு சொல்ல முடியும்?"

"அப்போ யாரோட வேலை உஸ்தாஸ்?" என்றாள் ஜுமானா.

"குடும்பத்துல வேலையைப் பிரிச்சுப் பார்ப்பாங்களா?"

"குடும்பத்துல கை ஒடிஞ்சவனை வெளியில வெச்சுக் கதவைச் சாத்துவாங்களா?"

அவர் என் பக்கம் திரும்பினார். தளத்தை உலகத்துக்குத் திறந்துவிடும் கடைசி வேலை என்னுடையது. எல்லாம் தயாராக இருந்தது, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

"மைசா, நீ திறந்து விடு. மத்தது அப்புறம் பேசிக்கலாம்."

அழுத்துவதற்குத்தான் கையை நீட்டினேன், பொய் சொல்வானேன். பக்கத்தில் ஹாகொப் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான். உஸ்தாஸ் பேசியது காதில் விழுந்தும் விரல் நிற்கவில்லை.

"மாட்டேன்" என்றேன். என் குரல் கடையில் ரொட்டி கேட்பதுபோல இருந்தது. "அவன் பாஸ்வேர்டைத் திறங்க. வேலையில பட்ட அடின்னு ஒத்துக்கிட்டு, கை ஆறுற வரைக்கும் சம்பளம் குடுங்க. அப்புறம் திறந்து விடறேன்."

உஸ்தாஸ் என் நாற்காலிப் பக்கம் வந்து நின்றார். "குவைத்துக்காரன் போயிட்டான்னா இந்த ஆபீசே இல்ல. நான் மூடிட்டுப் போயிடுவேன். அவன் கையும் போய், உங்க சோறும் போகும். புரியுதா உனக்கு?"

"புரியுது உஸ்தாஸ்."

"புரிஞ்சுமா?"

"புரிஞ்சும்தான்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் முறை வரும்போது எங்களையும் அவர் இதே கலங்கிய கண்ணோடு அனுப்புவார் என்பதும் தெரிந்தது. அந்த நேரத்தில் பால்கனி ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது. டீசல் தீர்ந்துவிட்டது. வழக்கமாக இந்நேரம் நானோ ஜுமானாவோ கேனை எடுத்துக்கொண்டு இறங்கியிருப்போம். யாரும் எழவில்லை. உஸ்தாஸ் காலிக் கேனை எடுத்துக்கொண்டு தானே இறங்கிப் போனார்.

அறைக்குள் புழுக்கம் தாங்கவில்லை. மூவரும் வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். எனக்காக எதுவும் செய்ய வேண்டாம், டீசல் வந்ததும் போய்த் தளத்தைத் திறந்து விடுங்கள் என்று ஹாகொப் கெஞ்சினான்.

"உனக்காகன்னு யார் சொன்னா? பேசாம உட்காரு" என்றாள் ஜுமானா. "நாளைக்கு நான் விழுந்தா, இவ கேனைத்தானே முதல்ல தூக்குவா? அதுக்கு முன்னால ஒரு முடிவு கட்டணும்."

ஹாகொப் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. ஜுமானா என் முதுகில் கை வைத்துக்கொண்டாள்.

கீழே காலடிச் சத்தம் கேட்டது. உஸ்தாஸ் என்று நினைத்தோம். ஆறாம் மாடித் தையல் பட்டறைப் பெண் இப்திஸாம், கேனோடு ஏறி வந்தாள். எங்களை அண்ணாந்து பார்த்தாள்.

"உங்க முதலாளி அஞ்சாம் மாடியில கேனைக் கட்டிக்கிட்டு உட்காந்திருக்காரு, மூச்சு வாங்கிட்டு. நீங்க இங்க உட்காந்திருக்கீங்க. என்ன சங்கதி?"

ஜுமானா நடந்ததைச் சொன்னாள். டீசல் தூக்குவது உன் வேலை இல்லையே என்று அவர் சொன்ன இடத்துக்கு வந்ததும் இப்திஸாம் கையைக் காட்டி நிறுத்தினாள். அவர்கள் பட்டறையில் ஒருத்திக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது அவர்கள் முதலாளியும் அதே வார்த்தையைத்தான் சொன்னாராம்.

"நீங்க இப்படி உட்காந்தா குடுத்துடுவாரா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

"கடையை மூடிட்டா?"

"அதுவும் தெரியாது."

கேனின் கைப்பிடி அவள் உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. பிறகு கேனைப் பட்டறை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கதவைத் தள்ளி உள்ளே தலையை நீட்டி மற்றவர்களைக் கூப்பிட்டாள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள், உடையில் ஒட்டிய நூலைத் தட்டிக்கொண்டே.

கீழே உஸ்தாஸின் தொலைபேசி அடித்து நின்று மறுபடி அடித்தது. குவைத்தாகத்தான் இருக்கும். ஹாகொப் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒதுங்கினான்.

"வாங்க, இடம் இருக்கு" என்றான்.