சின்னத் துண்டுகள்

மேலிருந்து மறுபடியும் ஒரு சின்னக் கிளைத் துண்டுதான் இறங்கி வந்தது. கயிற்றில் கட்டுண்டு, மெல்லச் சுழன்றபடி, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையின் தகரக் கூரையில் உரசாமல் தரையில் வந்து உட்கார்ந்தது. ஒரு ஆள் தோளில் போட்டுக்கொண்டு போகிற அளவுதான். மரம் வெட்டும் குழுவை நடத்துகிற அவள் துண்டைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். தூங்குமூஞ்சி மரத்தின் இலைகளுக்கு நடுவே மஞ்சள் ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே இருக்கும் முகம் என்ன நினைக்கிறது என்று தெரியவில்லை. அவன் வேலைக்கு வந்த நாளிலிருந்தே அது அவளுக்குத் தெரிந்ததில்லை.

"அக்கா, இவன் மரம் வெட்டுறானா, காய் நறுக்குறானா?" என்றான் டிரைவர், துண்டைத் தூக்கி வண்டியில் போட்டபடி. "இந்த வேகத்துல போனா பசங்க முழுப் பரீட்சையே எழுதி முடிச்சிடுவாங்க."

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் பள்ளி திறக்கிறது. கூரைக்கு மேலே சாய்ந்திருக்கும் பெரிய கிளை இன்று இறங்கியாக வேண்டும். இறங்கினால் இந்த வளாகத்து மரங்கள் எல்லாவற்றையும் இனி அவள் குழுவே பார்த்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் இன்னொரு குழு இருக்கிறது, கூப்பிட்டால் ஓடி வரும். மேலே இருப்பவன் அந்தக் குழுவிலிருந்து வந்தவன்.

வந்து பல மாதங்கள் ஆகியும் எல்லோரும் அவனைப் 'புதுசு' என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகு போய் வீட்டோடு இருக்கும் அவள் கணவர் முதல் நாளே கேட்டார். "நல்லா மரம் ஏறத் தெரிஞ்சவனை எவனாவது சும்மா விடுவானா? எதுக்கு அங்கிருந்து வந்தான்னு கேட்டியா?" அவள் கேட்டாள். "அங்க ஒத்து வரலக்கா" என்பதோடு அவன் முடித்துக்கொண்டான். ஒருவர் மேல் சந்தேகம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. அவர் கொஞ்சம் குறைவாகப் பேசினால் போதும், மீதியை நாமே பேசிக்கொள்வோம்.

வேறு இடத்தில் பழகி வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பது, ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம். கைக்குப் படிந்த பழக்கத்தை முதலில் அவிழ்க்க வேண்டும். அந்தக் குழுவில் கையை உயர்த்தினால் 'இறக்கு' என்று அர்த்தம், இவர்களிடம் 'நில்'. அதையெல்லாம் மாற்றிப் பழக்கினாள். பெரிய கிளையை முழுசாக இறக்கும் விதத்தைத் தன் வீட்டு முற்றத்து மரத்திலேயே அவனுக்குக் காட்டினாள்: கயிற்றை மேல்கவையில் போட்டு, கிளையைக் கட்டி, முதலில் அடியில் ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து. கீழே கயிற்றை அவளே பிடித்தாள். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. தெரிந்தவன் வேண்டுமென்றே தெரியாதவன்போல நடக்கிறான் என்று இப்போது அவள் நெஞ்சு குமுறியது அதனால்தான்.

கீழே கயிற்றைப் பிடித்திருந்தவர் கயிற்றண்ணன். அந்தப் பெயரும் எல்லோரும் வைத்ததுதான். இளமையில் மேலே ஏறி மோட்டார் ரம்பம் பிடித்தவர், பிறகு கீழே கயிற்றுக்கு வந்தார். வெட்டிய கிளையின் பாரம் முழுவதும் அவர் கையில்தான் இறங்கும். அடிமரத்தில் கயிற்றைச் சுற்றி, விரலிடுக்கில் வழியவிட்டு, பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோலத் தரையில் போடுவார். ஒருமுறை அவள் கணவர் மரத்திலிருந்து வழுக்கியபோது உள்ளங்கைத் தோல் உரிய உரியக் கயிற்றை விடாமல் பிடித்தவர் அவர். முதுகு போனது, உயிர் போகவில்லை. அவள் யாரைச் சந்தேகப்பட்டாலும் அவரைச் சந்தேகப்படமாட்டாள்.

அந்த அண்ணனைத்தான் புதுசு வளைத்துப் போடப் பார்க்கிறான் என்று அவளுக்குப் பட்டது. மதியச் சாப்பாட்டு வேளையில் அவன் முதல் ஆளாகப் போய் அவருடைய டப்பாவைத் திறந்து வைப்பான். தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் தளர்த்தி அவர் பக்கமாக நகர்த்துவான். அவருடைய ஹெல்மெட் வாரைக்கூட அவனே மாட்டிவிட்டதை ஒரு காலையில் அவள் பார்த்தாள். இவ்வளவு பணிவிடை எதற்கு? பழைய முதலாளி, ஆள் பிடித்து வரச் சொல்லி அனுப்பியிருப்பானோ? முந்தின நாள் ஒரு துண்டு பாதியில் வெடுக்கென்று நின்று, ஊசலாடி, சுவரில் மோதிக் காரையைப் பெயர்த்தது. "என்னடா கட்டு கட்டினே?" என்று அவள் கீழிருந்து சத்தம் போட்டாள். "என் தப்புதான்க்கா" என்று மேலிருந்து குரல் வந்தது. அவ்வளவு சுலபமாகத் தப்பை ஒத்துக்கொள்கிறவனை அவள் பார்த்ததில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

யாரும் ஏறுவதற்கு முன் அவள் அடிமரத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு வரி வேண்டிக்கொள்வாள். "ஏறுறவன் முழுசா இறங்கணும், ஆண்டவனே." அவ்வளவுதான். கொஞ்ச நாளாக, புதுசு ஏறும்போது, கை மரத்தில் படும். அந்த வரி பாதியிலேயே வேறு நினைப்பில் போய்விடும்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பெரிய கிளை அப்படியே நின்றது.

"போதும் நறுக்கினது," என்று மேலே பார்த்துக் கூவினாள். "பெரிசை ஒரே துண்டா எடு."

மேலிருந்து குரல் வந்தது. "வேண்டாம்க்கா. சின்னச் சின்னதாவே எடுத்துடறேன்."

"நான் கேக்கல. சொல்றேன்."

"என்னால முடியாதுக்கா."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். கயிற்றண்ணன் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ இறங்கி வா. பையை எடுத்துட்டுக் கிளம்பு. உன்னை அனுப்பினவன்கிட்டயே போய்ச் சேரு."

ரம்பம் நின்றது. அவன் பெல்ட்டை ஒவ்வொரு கிளையாக மாற்றி மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தான். அதற்கு நேரமாகும். அவள் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், தெருமுனைக் கடையிலிருந்து டிரைவர் வாங்கி வந்திருந்த ஐஸ் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கயிற்றண்ணனிடம் நீட்டினாள்.

"குடிங்கண்ணே. நீங்கதான் இன்னிக்குப் பாவம், இவனோட மாரடிக்கிறீங்க."

அவர் வாங்கிக்கொண்டார். உடனே குடிக்கவில்லை. கையுறையைப் பல்லால் கடித்து உருவினார். மூடியைப் பிடித்துத் திருகினார். விரல்கள் மூடியின் மேல் வெறுமனே வழுக்கிச் சுற்றின. மறுபடி திருகினார். பிறகு, அவள் வேறு பக்கம் பார்ப்பதாக நினைத்து, பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூடியைப் பல்லால் கடித்தார்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். விரல்கள் நடுக்கணுவரை மெழுகுவர்த்தியைப்போல வெளுத்திருந்தன. ரத்தம் என்ற ஒன்று அங்கே போனதே இல்லை என்பதுபோல. பல வருடம் ரம்பம் பிடித்து அதிர்ந்த கைகள் இப்படி மரத்துப்போகும், குளிர் பட்டால் வெளுத்துவிடும் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். கேள்விப்பட்டது ஒருநாளும் இந்தக் கையோடு சேர்ந்து நினைவுக்கு வந்ததில்லை.

அடிமரத்தைப் பார்த்தாள். கயிறு வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தது. வழிந்து ஓடினால் தெரியாத கைக்கு, ஓடாமல் பார்த்துக்கொள்ளும் சுற்று. நேற்று துண்டு பாதியில் வெடுக்கென்று நின்றது ஏன் என்று அவளுக்குப் புரிந்தது.

"எவ்வளவு நாளாண்ணே?"

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். "காலைல கொஞ்ச நேரம் இருக்கும்மா. அப்புறம் சரியாயிடும்."

"கயிறு ஓடறது தெரியுதா?"

அவர் கையுறையை மாட்டிக்கொள்ளப் பார்த்தார். விரல்கள் அந்தந்த இடத்துக்குப் போகவில்லை.

"அவனுக்குத் தெரியும்," என்றார் கடைசியில். "நான் சொல்லல. வந்த வாரமே என் கையைப் பார்த்துட்டான். அன்னிலேர்ந்து என் கை தாங்குற அளவுக்குத்தான் வெட்டுறான்."

புதுசு இறங்கி வந்து நின்றான். முகமெல்லாம் மரத்தூள். யாரையும் பார்க்காமல் பெல்ட்டை அவிழ்க்கத் தொடங்கினான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். குரலைத் தாழ்த்த முயன்றாள், முடியவில்லை. "அந்தக் கிளை கைமீறிப் போயிருந்தா? கூரைக்கடியில யாராவது இருந்திருந்தா?"

"அதான் சின்னதா வெட்டினேன்."

"நேத்து சுவத்துல மோதிச்சே."

"ஆமாக்கா." முகத்து மரத்தூளைத் துடைத்தான். "முன்ன இருந்த குழுவுல ஒருத்தருக்கு இதே மாதிரி கை. நான்தான் போய்ச் சொன்னேன், நல்லதுக்குன்னு. அன்னிக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் எனக்கு அங்க ஏற மனசு வரல." பெல்ட் கொக்கியை விரலால் தடவினான். "சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

அனுப்பியிருக்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். கடவுள் கேட்டுக்கொண்டிருக்கும்போது பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"தெரியல," என்றாள்.

டிரைவர் தொண்டையைச் செருமினான். "வெளிச்சம் போயிட்டிருக்குக்கா."

புதுசு செய்தது சரியல்ல. அவன் நல்ல மனசும் கீழே நிற்கிறவர்கள் உயிரும் ஒரே கயிற்றில் தொங்கியிருக்கின்றன, அவளுக்குத் தெரியாமல். அதைப் பிறகு அவனிடம் பேச வேண்டும். ஆனால் பல மாதங்களாகப் பக்கத்திலேயே நின்றும் அந்தக் கையைப் பார்க்காதவள் அவள். மூடியைத் தளர்த்தி வைத்த புதுசின் விரல்களை மட்டும்தான் பார்த்தாள். அவற்றையும் திருட்டு விரல்களாகப் பார்த்தாள்.

அவள் தன் கையுறைகளை எடுத்து மாட்டினாள். அடிமரத்துக்குப் போய், அதிகமாக இருந்த அந்தச் சுற்றை அவிழ்த்தாள்.

"அண்ணே, நீங்க தள்ளி நின்னு பார்த்துச் சொல்லுங்க. எப்ப நிறுத்தணும், எப்ப விடணும்னு உங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி எனக்குத் தெரியாது. கயிறு எங்கிட்ட இருக்கட்டும்."

"இன்னிக்கு மட்டுமா, இனிமேயா?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார், சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்பதுபோல. வீட்டில் கணவரிடம் சொல்ல வேண்டும், டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும், கயிறு பிடிக்க முடியாதவருக்கு இந்தத் தொழிலில் எந்த இடம் என்று யோசிக்க வேண்டும்.

"முதல்ல இதை இறக்குவோம்ணே," என்றாள்.

அவர் கூரையும் கிளையும் ஒருசேரத் தெரிகிற இடமாகப் பார்த்து நகர்ந்தார்.

"புதுசு, பெல்ட்டை மாட்டு," என்றாள். "ஒரே துண்டா. எங்க வீட்டு முத்தத்து மரத்துல பண்ணின மாதிரி."

அவன் அவள் கையிலிருந்த கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். அவள் பிடியைச் சோதிக்கிறான். கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் அடிமரத்தில் காலை வைத்தபோது அவள் ஒரு கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை மரத்தில் வைத்து, அந்த ஒரு வரியை முழுசாகச் சொன்னாள்.

மேலே ரம்பம் உறுமியது. அடிவெட்டு முடிந்தது, மஞ்சள் ஹெல்மெட் குனிந்து கீழே பார்த்தது, கயிற்றையல்ல, தள்ளி நின்றவரை. கயிற்றண்ணன், தான் சொல்லும்வரை கயிற்றை ஓடவிடாதே என்று அவளுக்குக் கையை உயர்த்திப் பிடித்திருந்தார். 'நில்.' மாலை வெயிலில் அந்த விரல்களின் வெண்மை அவ்வளவு தூரத்துக்கும் தெரிந்தது. மேல்வெட்டும் விழ, கிளை ஒருமுறை முனகி, சாயத் தொடங்கியது. அவள் உள்ளங்கைக்குள் கயிறு மெல்ல இறுகியது. கையை இறக்காமல், அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.