பந்தி எழுப்பிய இசைத்தட்டு

கள்ளக்குறிச்சிப் பக்கம் ராக் இசையைக் கொண்டுவந்தது யார் என்று எவரும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் இளவரசன் சொல்லிவிடுவார். ரிஷிவந்தியத்துக் கரும்பு விவசாயியின் மகன், சென்னைக்குப் பட்டம் வாங்கப் போய், நாலு அரியரும் ஓர் இங்கிலீஷ் ராக் இசைத்தட்டும் வாங்கி வந்தார். அரியரைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

எண்பத்தேழில் அவர் கல்யாணத்துக்கு மைக்செட் போட்டவர் பச்சமுத்து. மாப்பிள்ளையே தட்டைக் கொடுத்து, பந்தி நேரத்தில் போடச் சொன்னார். கிட்டார் அலறியது. கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஒரு கணம் கண்ணைத் திறந்தால், பந்தி முழுக்க எழுந்து நிற்கிறது. நெகிழ்ந்துபோய் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். “அத்தன சனமும் எழுந்து நின்னுச்சிப்பா” என்று சொல்லும்போதெல்லாம் முகம் மலர்ந்துவிடும். வாழ்க்கையில் அவர் பெருமை என்று வைத்திருந்தது அது ஒன்றுதான்.

பச்சமுத்து தட்டைத் திருப்பித் தரவில்லை. கல்வராயன் மலை அடிவாரம் வரை எல்லா விசேஷத்திலும் அதைப் போடுகிறார் என்று கேள்விப்பட்டதும், ரசிகனிடம் போய்த் திருப்பிக் கேட்பதா என்று இவரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

போன மாதம் பச்சமுத்து இறந்துபோக, பிள்ளைகள் சாமான்களை எடைக்குப் போட்டார்கள். தியாகதுருகம் சாலையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் முனியன், இசைத்தட்டுகளைத் தக்காளிப் பெட்டியில் அடுக்கி, ‘எதை எடுத்தாலும் இருபது’ என்று அட்டை சொருகினார். கேள்விப்பட்டு வந்த இளவரசன் அங்கேயே குந்திக் கிளற ஆரம்பித்தார்.

எந்தத் தட்டை எப்போது போடுவது என்று உறையிலேயே எழுதிவைப்பது மைக்செட்காரர்கள் வழக்கம். ‘காதுகுத்து’, ‘மாமன் சீர் வரும்போது’, ‘பிணம் எடுக்கும்போது’. அடியில் இவருடைய தட்டு. சந்தோஷமாக எடுத்துத் தூசி தட்டினார். புரட்டிப் பார்த்தார்.

‘சாப்பிட்டும் பந்தியில் எழுந்திருக்காமல் இருந்தால் போடவும். ஒரு பாட்டு போதும், உடனே காலி. ரிஷிவந்தியம் கல்யாணத்தில் கண்டுபிடித்தது.’

முனியன் எட்டிப் பார்த்தார். “இதுவா சார்? எங்கக்கா கல்யாணத்துல இத்தப் போட்டப்புறந்தான் எனக்கே எல கெடச்சிது.”

இருபது ரூபாய் கொடுத்து வாங்கினார். போகிற வழியில் கோமுகி ஆற்றில் எறிந்துவிடலாமா என்று பார்த்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. எறிந்தாலும் எல்லோரும் பார்க்கும்படிக் கிடக்கும். வெட்கத்தைச் சுமந்துகொண்டு வீடு வந்தார்.

மனைவி தங்கமணி உறையை வாங்கிப் படித்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“ஒனக்குத் தெரியுமா?”

“பச்சமுத்து அன்னிக்கே சொல்லிச்சிங்க.”

“ஏன் சொல்லல?”

“அந்தக் கதய சொல்றப்பதான் ஒங்க மூஞ்சி பாக்குறாப்புல இருக்கும். அத்த இன்னாத்துக்குக் கெடுக்கணும்?”

அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நீயும் எழுந்து போய்விட்டாயா என்று பயந்துகொண்டே கேட்டார்.

“எங்க எழுந்து போறது? தாலி கட்டியாச்சே. நா ஒருத்திதான் ஒங்க பக்கத்துல ஒக்காந்துகினு முழுசாக் கேட்டேன்.”

இளவரசன் பரணிலிருந்து பிளேயரை இறக்கித் துடைத்தார். முள் தடுக்கித் தடுக்கி ஓடியது. தங்கமணி வெங்காயம் உரித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அவர் ஊரில் சொல்லும் கதை வேறு. பாட்டு முடிகிறவரை ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லையாம். கேட்டது எத்தனை பேர் என்று மட்டும் சொல்வதில்லை.