சந்தேகம் வந்த நேரம்

கேக்கம்மா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். புருஷன் பின்கட்டு அடுப்படியில் பன்னும் கேக்கும் சுட்டு இறக்குவார். அவள் முன்பக்க மேஜையில் நின்று கேக்குக்குக் கிரீம் பூசி, பூ வைத்து, கூம்புப் பையைப் பிழிந்து எழுத்து எழுதுவாள். அச்சடித்த மாதிரி இருக்கும் அவள் எழுத்து. அதற்காகவே தூரத்துக் கடைகளைத் தாண்டி வருகிறவர்கள் உண்டு.

கல்லாவில் உட்காருவது அவள் நாத்தனார், புருஷனின் தங்கை. அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் ‘சந்தேகம்’. பூட்டிய பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பாள். கேஸை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருவாள். யாராவது இருமினால் சளி என்ன நிறம் என்று கேட்பாள். ஆஸ்பத்திரிக்கு யாரைப் பார்க்கப் போனாலும், சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் அத்தனையையும் படித்துவிட்டு வந்து சாப்பிடும் நேரத்தில் ஒப்பிப்பாள். அவள் கடைக்குள் நுழையும்போதெல்லாம், “ஏங்க, எனக்குச் சந்தேகம் வந்துருச்சு” என்று கேக்கம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள். அடுப்படியில் சிரிப்புக் கேட்கும். நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இது தினப்படி நடப்பது.

அன்றைக்கும் காலையிலேயே இருவருக்கும் முட்டிக்கொண்டது. கேஸ் குழாயைச் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும் என்று நாத்தனார் பிடிவாதம் பிடித்தாள். “உனக்கு வேற வேலையே இல்லையா?” என்று கேக்கம்மா கத்திவிட்டாள். அதன்பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

முன்பகலில் ஒரு பிறந்தநாள் கேக். ‘வாழ்த்துகள்’ என்று எழுத ஆரம்பித்தாள் கேக்கம்மா. ‘வா’ சரியாக வந்தது. ‘ழ்’ எழுதும்போது கை தானாக நழுவி, எழுத்தின் கால் கீழே இறங்காமல் பக்கவாட்டில் ஓடி, கேக்கைத் தாண்டி அட்டையில் போய் நின்றது. அவள் கண்ணுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. மேலே எழுதிக்கொண்டே போனாள்.

கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்த நாத்தனாருக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. “என்ன அண்ணி, கோழி கிளறின மாதிரி இருக்கு?”

‘நீ உன் கல்லாவைப் பாரு’ என்று கேக்கம்மா சொன்னாள். சொன்னதாகத்தான் நினைத்தாள். வாயிலிருந்து வந்தது ஏதோ கொழகொழவென்ற சத்தம். கூம்புப் பை தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனால் வலது கை வரவில்லை. யாருடைய கையோ தன் தோளில் தொங்குகிற மாதிரி இருந்தது.

நாத்தனார் கல்லாவைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடி வந்தாள். “அண்ணி, என்னைப் பாருங்க. சிரிங்க. சிரிங்கன்னா!”

சிரிக்கிற நேரமா இது என்று கேக்கம்மாவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சிரித்துப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம் மட்டும் இழுத்தது.

“ரெண்டு கையையும் தூக்குங்க.” ஒன்றுதான் மேலே போனது.

அதற்குள் புருஷன் மாவுக் கையோடு வந்துவிட்டார். “வெயில் தாங்கலை போல. கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டுப் படுத்தா சரியாயிடும்.” டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனார்.

நாத்தனார் அதைத் தட்டிவிட்ட வேகத்தில் தண்ணீர் பாதி கேக்கின் மேல் கொட்டியது. “தண்ணி குடுக்காதே! புரையேறிடும். இது பக்கவாதம்ணே. படுக்க வைக்கிற ஒவ்வொரு நிமிஷமும் மூளை செத்துக்கிட்டிருக்கும். ஆம்புலன்ஸைக் கூப்பிடு!”

“உனக்கு எதைப் பார்த்தாலும்…”

“ஆமா, சந்தேகம்தான்! கூப்பிடு!”

அண்ணனை அவள் அப்படி அதட்டிக் கேக்கம்மா கேட்டதே இல்லை. அவரும் கேட்டதில்லை போல; மறுபேச்சில்லாமல் போனை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் படுக்கையோடு தள்ளிக்கொண்டே ஓடினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா, “எப்ப ஆரம்பிச்சது?” என்றுதான் முதலில் கேட்டார். கேக் எழுதிக்கொண்டிருந்த நேரத்தை நாத்தனார் டக்கென்று சொன்னாள். மூளைக்குப் போகிற குழாயில் ரத்தம் கட்டி அடைத்திருக்கிறது என்று சொல்லி, அதைக் கரைக்கிற ஊசியை உடனே போட்டார்கள். ஊசி மருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா கட்டிலருகே வந்து நின்றார்.

“அடைப்பைச் சுத்தி இருக்கிற செல்கள் இன்னும் சாகலை. மூச்சுத் திணறிக்கிட்டிருக்கு. ரத்தம் திரும்ப வர்றவரைக்கும் அதுங்களைக் காப்பாத்தி வைக்க ஒரு புது மருந்தைச் சோதிச்சுக்கிட்டிருக்கோம். சேர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. இஷ்டம் இருந்தாச் சேரலாம். இல்லைன்னா ஒரு குறையும் இல்ல.”

புருஷன் திருதிருவென விழித்தார். நாத்தனார்தான் கேட்டாள். “எலிக்குக் குடுத்துப் பாத்தீங்களா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “பாத்தாச்சு. எலிக்கு நல்லாவே கேக்குது. மனுஷனுக்குத்தான் தெரியல.”

“உப்புத் தண்ணி கிடைச்சா மத்த வைத்தியத்துல கை வைப்பீங்களா?”

“ஒண்ணும் குறையாது.”

“பக்க விளைவு?”

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பிறகு கேக்கம்மாவிடம் குனிந்து, “உங்களுக்குப் புரியுதாம்மா? சம்மதமா?” என்றார். அவளுக்கு எல்லாம் புரிந்தது, பேச்சுதான் வரவில்லை. இடது கைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அன்று சாயங்காலமே வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கை மட்டும் முரண்டு பிடித்தது. வீட்டுக்கு வந்தபின் மாவைப் பிசைந்து பிசைந்து பழக்கினாள். கூம்புப் பையைப் பிடித்து முதலில் கோடு போட்டாள், பிறகு வட்டம். சுண்டுவிரல் இன்னமும் மந்தம்தான். ஆனால் பழையபடி மேஜை முன் வந்து நின்றுவிட்டாள். எழுத்தும் நேராக வந்தது.

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த மருந்தின் புகழைப் பாடினாள். “மூளைக்கே குடை பிடிக்கிற மருந்துங்க. அது மட்டும் இல்லைன்னா நான் இப்ப படுத்த படுக்கை.” டாக்டரம்மாவுக்குப் பெரிய கேக் ஒன்று செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள். கல்லாவில் நாத்தனார் சில்லறையை அடுக்கிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆய்வு முடிந்து, விவரம் சொல்லக் கூப்பிட்டார்கள். நாத்தனாரும் துணைக்கு வந்தாள்; உள்ளே வராமல் வராந்தாவில் நோட்டீஸ் படிக்க நின்றுவிட்டாள்.

“உங்களுக்குக் கிடைச்சது உப்புத் தண்ணிம்மா” என்றார் டாக்டரம்மா.

கேக்கம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோமே என்று வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. “அப்ப இவ்வளவு நாளா நான் உப்புத் தண்ணிக்கா நன்றி சொல்லிக்கிட்டிருந்தேன்?”

“எனக்குக் கேக் கிடைச்சுதே, அது போதும்” என்று அவரும் சிரித்தார். “அந்த மருந்து சில பேருக்கு உதவியிருக்கும்னு தோணுது. உறுதியாச் சொல்ல இன்னொரு பெரிய சோதனை வேணும். உப்புத் தண்ணி ஏத்திக்கிட்ட உங்களை மாதிரி ஆளுங்க இல்லைன்னா, மருந்தை எதோட ஒப்பிட்டுப் பாக்கிறது? அதனால நாங்கதான் உங்களுக்கு நன்றி சொல்லணும்.”

“அப்ப எனக்குச் சரியானது?”

“கட்டியைக் கரைச்ச ஊசி. அது வேலை செய்யணும்னா சீக்கிரம் வரணும். அரைநாள் படுத்து எந்திரிச்சு வர்றவங்கதான் இங்க அதிகம். வந்தபிறகு செல்லைக் காப்பாத்த நாங்க என்னென்னமோ தேடிக்கிட்டிருக்கோம். உங்களுக்கு அதை உங்க வீட்லயே ஒருத்தர் செஞ்சுட்டாங்க.”

கேக்கம்மா வெளியே வந்தாள். நாத்தனார் நீரிழிவு நோட்டீஸை முடித்துவிட்டுக் கண் நோட்டீஸுக்கு நகர்ந்திருந்தாள்.

“என்ன சொன்னாங்க அண்ணி?”

“உப்புத் தண்ணியாம்.”

“எனக்கு அப்பவே சந்தேகம்” என்றாள் நாத்தனார்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று கேக்கம்மாவுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவளைத் திட்டத்தான் பழகியிருந்தது. என்ஜின் இரைச்சலில் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

“ஏய், நீ அன்னைக்கு அந்தத் தண்ணியைத் தட்டி விடலைன்னா நான் இன்னைக்கு இல்லடி. உங்கண்ணன் பேச்சைக் கேட்டுப் படுத்திருப்பேன். உன்னைக் கேலி பண்ணியே காலத்தை ஓட்டிட்டேன். நீ நல்லா இருக்கணும்.”

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. “பஸ்ஸுல வச்சு என்ன இது அண்ணி?” என்று மூக்கை உறிஞ்சினாள்.

எதிர்ப்பக்கம் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டாள்.

அவ்வளவுதான். நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். கேக், எழுத்து, கோணின வாய், தண்ணீர் டம்ளர் என்று ஒன்று விடவில்லை. அவள் சொன்னதில் அண்ணன் மயங்கியே விழுந்தார். ஆம்புலன்ஸ் காற்றாய்ப் பறந்தது. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வழக்கமாக இருந்தால் கேக்கம்மா பாதியிலேயே, “போதும், அளக்காதே” என்று வெட்டியிருப்பாள். இன்றைக்கு நடுநடுவே “ஆமாங்க, ஆமாங்க” என்று தலையாட்டிக்கொண்டு கேட்டாள்.

இறங்க வேண்டிய நிறுத்தம் ஜன்னலில் வந்து போவதையும் பார்த்தாள். சொல்லவில்லை. கதை அப்போதுதான் ஸ்கேன் அறைக்குள் போயிருந்தது.