விசிறிக்கு விட்ட வட்டம்

"கண்ணாடி இல்லாம அவரப் பெட்டியில வைக்கப்பிடாது. சொல்லிப்போட்டேன்" என்று ராஜபாய் நான்காவது முறையாகச் சொன்னபோது, ஜெயஷீலா அப்பாவின் சட்டைக்குக் கழுத்துப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தாள். மற்றதெல்லாம் ஒழுங்காக விழுந்தது. அந்த ஒன்று மட்டும் சண்டித்தனம் பண்ணியது.

"செரிம்மா."

"அது இல்லேண்ணா பக்கத்துல நிக்கிய என்னையே அவருக்கு அடையாளம் தெரியாது. அங்க போயி யாரத் தெரியப் போவுது?"

அப்பா சத்தியநேசன் நேற்றுக் காலை தன் பட்டறையில் விழுந்தார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன்பே முடிந்துவிட்டது. ஹார்ட் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அறுபத்திரண்டு வயது, மூன்று வருஷமாக இழுப்பு வேறு; யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் கண்ணாடி பட்டறையிலேயே கிடந்துவிட்டது.

அடக்க ஆராதனை மூன்று மணிக்கு. இப்போது பதினொன்று. நேற்றிலிருந்து ஜெயஷீலா ஒரு சொட்டு அழவில்லை. கழக்கூட்டத்துக் கம்பெனி உத்தியோகம் பெண்ணைக் கல்லாக்கிவிட்டது என்று ஒரு மாமி இன்னொரு மாமியிடம் ரகசியம் பேசியது, ரகசியம் என்பதாலேயே அவள் காதில் தெளிவாக விழுந்தது.

அவள் செருப்பை மாட்டும்போது போதகர் வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பட்டறைக்குக் கணக்கெல்லாம் இவளாக்கும் ஐயா போட்டது. லோன் கெடச்சதே இவளாலதான்" என்றாள். துக்க வீட்டிலும் பிள்ளைப் பெருமை விடுவதில்லை. ஜெயஷீலா தலையைக் குனிந்துகொண்டு வெளியேறி, பட்டறை ஆள் திரவியத்தின் ஸ்கூட்டரில் ஏறினாள்.

ஒரு ரசாயன ஆலை கட்டினால் என்ன செலவாகும் என்று வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதித் தருவது அவள் வேலை. மூன்று அறிக்கைகள் அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கைப் பற்றி எழுதியிருந்தாள். உலோகத்துக்குப் பதிலாகப் பல்சக்கரம் செய்யுமளவுக்குக் கெட்டியான சாதி அது. ஃபார்மலினிலிருந்து தண்ணீரை நீக்கி, வாயுவைச் சுத்தமாக்கி, அதைச் சங்கிலியாகக் கோத்து, நுனி அவிழாதபடி பூட்டுப் போட்டு, மணிமணியாக வெட்டி மூட்டை கட்டுவது வரை ஒவ்வொரு படிக்கும் அவள் விலை சொல்வாள். சூடு மிஞ்சினால் சங்கிலி அவிழ்ந்து மறுபடியும் வாயுவாகிவிடும். ஆகவே அந்த வாயுவைப் பிடித்துக் கழுவும் கோபுரத்துக்கு எல்லா அறிக்கையிலும் ஒரு வரி உண்டு. அதை விட்டுவிட்டால் அறிக்கை அன்றைக்கே திரும்பி வரும்.

அப்பா அந்த மணிகளை வாங்கி உருக்கி, தண்ணீர் மீட்டருக்குள் சுற்றும் சின்னப் பல்சக்கரங்களை வார்த்தார். பாப்பனங்கோட்டில் வாடகைக் கொட்டகை, ஒரே ஒரு இயந்திரம். நாலு வருஷத்துக்கு முன்னால் அதற்குத் திட்டச் செலவு போட்டபோது, எப்படிப் போட்டாலும் பாங்க் சொன்ன வரம்புக்கு ஒன்றரை லட்சம் மேலே போயிற்று. புகைக் கூண்டும் உறிஞ்சு விசிறியும் சேர்ந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம். அவள் அந்த வரியை அழித்தாள். "அடுத்த வருஷம் வச்சுக்கலாம்ப்பா" என்றாள். "நீ சொன்னா செரி மோளே" என்றார் அவர். அவள் குடித்துக்கொண்டிருந்த காப்பி ஆறுவதற்குள் அந்தக் காரியம் முடிந்துவிட்டது.

திரவியம் ஷட்டரைத் தூக்கியதும் நெடி முகத்தில் அறைந்தது. பள்ளிக்கூட லேபில் தவளை ஊறும் ஜாடியைத் திறந்த மாதிரி. கண்கள் எரிந்து நீர் கொட்டத் தொடங்கியது. இயந்திரத்தின் முன்னால் ஒரு பக்கெட்; தண்ணீருக்குள் கருகிய பழுப்புக் கட்டிகள்.

"மிஷினுக்க வாயி அடச்சிட்டுது மோளே. உள்ள கெடந்து வெந்து பொகைய ஆரம்பிச்சாச்சு. ஒனக்குப் பிள்ளைய ரெண்டு படிக்குதுல்லாண்ணு சொல்லி என்னைய வெளிய தள்ளிட்டாரு. அவரே நின்னு எல்லாத்தையும் பக்கெட்டுல தள்ளினாரு. பத்து நிமிசம் இருக்கும்."

"அணைச்சுட்டு ஓடி வந்திருக்கலாம்ல மாமா?"

"அணைச்சா உள்ள உறைஞ்சு போவும். அது போச்சுண்ணா பட்டறையே போச்சுண்ணுட்டாரு."

இயந்திரத்துக்கு மேலே சுவரில் பெரிய தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்டத் துளை. அதில் அரிசிச் சாக்கு திணித்திருந்தது. அவள் பார்ப்பதைத் திரவியம் கவனித்தார்.

"அது ஃபேனுக்கு விட்டது. மொதல் மாசமே கொத்தனாரக் கூட்டி வந்து ஓட்டை போட்டாச்சு. மழைச் சாரல் அடிக்குதேண்ணு நாந்தான் சாக்கு வச்சேன். கண்ணில்லாத பாங்குக்காரன் அத வெட்டிப்போட்டானே."

"பாங்குக்காரனா?"

"அண்ணாச்சி அப்படித்தான சொன்னாரு. எனக்க மோளு எல்லாம் செரியாத்தான் போட்டுத் தந்தா, அவனுவ வெட்டிட்டானுவண்ணு."

நான்தான் வெட்டினேன் மாமா என்று அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். வெட்கமும் பயமும் விடவில்லை. தன்னைக் காப்பாற்றப் பொய் சொன்ன அப்பா மேல் கோபம்கூட வந்தது. "கண்ணாடியப் பாப்போம்" என்று மட்டும் சொன்னாள்.

அது இயந்திரத்தின் காலடியில் கிடந்தது, உடையாமல். இரண்டு சில்லிலும் வெள்ளையாக மெல்லிய பொடி படிந்திருந்தது. திரவியத்துக்கு அது தூசி. அவளுக்குத் தெரியும்: அந்த வாயு குளிர்ந்த இடத்தைத் தொட்டால் வெண்பொடியாகப் படியும். பெரிய ஆலைகளில் குழாயையே அடைத்துவிடும். அப்படி அடைக்காமல் குழாயைச் சூடாக வைத்திருக்க அவள் தனியாகச் செலவு காட்டுவதுண்டு. சில்லில் இவ்வளவு படிய வேண்டுமானால் காற்றில் எவ்வளவு இருந்திருக்கும் என்று மனம் தன்பாட்டுக்குக் கணக்கில் இறங்கியது. வேண்டாம் என்று அதை அதட்டினாள். கண்ணாடியைத் துடைக்காமல் கைக்குட்டையில் பொதிந்துகொண்டாள்.

வீட்டுப் படியேறும்போதும் கண்ணீர் நிற்கவில்லை. மாமிகளுக்கு நிம்மதியாயிற்று. "அழட்டு, அழட்டு. அடக்கி வைக்கப்பிடாது" என்று ஒருத்தி முதுகைத் தடவினாள்.

அம்மா கைக்குட்டையைப் பிரித்தாள். "இதென்னடி, மாவு மாதி வெள்ளையா?"

போதகர் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் திரவியம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மாவின் கட்டைவிரல் சில்லுக்குப் பக்கத்தில் நின்றது.

"தூசிம்மா. தொடாத, இங்க தா."

துப்பட்டா நுனியால் இடது சில்லைத் துடைத்தாள். பிறகு வலது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரத்தில் இருந்ததையும் துடைத்தாள். அப்பாவின் மூக்கில் இருபுறமும் இருந்த பழைய தழும்பில் கண்ணாடி அப்படியே உட்கார்ந்தது.

"இப்பத்தான் அவரு மாதி இருக்காரு" என்றாள் ராஜபாய்.

ஜெபிப்போம் என்றார் போதகர். எல்லாரும் கண்மூடிக் கைகூப்பினார்கள். ஜெயஷீலா கூப்பவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிப் பிடித்திருந்த வலது கையைத் திறக்காமல் அப்படியே நின்றாள்.