சூறாவளியப் போயிட்டு வரச் சொன்ன செண்பகா

சூறாவளி வாசப்படி தாண்டும்போது செண்பகா பழக்கத்துல "போயிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டா. அங்கதான் எல்லாம் கெட்டுச்சு.

கான்சாஸ்ல அவங்க இருக்கற சின்ன ஊர்ல ஒரு வழக்கம். ஏப்ரல் பதினொண்ணு வந்தா, அந்தத் தேதியில அமெரிக்காவுல எந்தக் காலத்துலயோ அடிச்ச பெரிய காத்து, பனி, ஆலங்கட்டி, வெயில் எல்லாம் ஊருக்கு விருந்துக்கு வரும். வீட்டுக்கு ஒண்ணு. சாப்பிட்டு முடிச்சதும் ஊர்க்காரங்க "குட்பை" சொல்லிக் கதவச் சாத்திடுவாங்க. அதோட அடுத்த வருஷம்தான்.

செண்பகா தென்காசிக்காரி. வீட்டுக்கு வந்தவங்களப் "போங்க"ன்னு அனுப்ப அவளுக்கு நாக்கு எழாது.

எதுத்த வீட்டு வைதேகி அக்கா, ஆலங்கட்டி மழைக்குச் சாதம் போட்டுட்டிருந்தவ, கரண்டியோட ஓடி வந்தா.

"ஏண்டி, என்ன சொல்லித் தொலைச்ச? ஒரே நாள்ல ரெண்டாந்தடவ வந்தா கூரை தங்காதுடி! இதுல நிறைமாசம் வேற!"

"அவரு பெரியவரு, அக்கா. நூறு வயசுக்கு மேல ஆச்சு. எப்படிப் போங்கன்னு சொல்றது?"

"நல்லா கேட்டுச்சா அதுக்கு?"

"கேட்டுச்சு. வாசல்லயே கொஞ்ச நேரம் சுத்திட்டு நின்னுச்சு. இத்தன வருஷத்துல யாரும் அப்படிச் சொன்னதில்லையாம்."

வைதேகி அக்கா தலையில கை வச்சு உக்காந்துட்டா. செண்பகாவுக்குக் கூரை பத்திக் கவலை இல்ல. அவ கவலையெல்லாம் புருஷன் அறிவழகன் பத்திதான். விசா முத்திரைக்குச் சென்னை போனவன் மாசக்கணக்கா அங்கயே மாட்டிக்கிட்டான். பிரசவம் இன்னிக்கோ நாளைக்கோ. எலுமிச்சை சாதம் பரிமாறும்போது இதையெல்லாம் சூறாவளிகிட்ட சொல்லி அழுதிருந்தா. அதுவும் "உம்" கொட்டிக்கிட்டே மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டுச்சு.

சாயங்காலம் இடுப்பு வலி ஆரம்பிச்சப்போ மேற்க இருட்டிக்கிட்டு வந்துச்சு.

"வந்துருச்சுடி," வைதேகி அக்கா சுவரப் பிடிச்சுக்கிட்டா.

சூறாவளி செருப்ப விடற மாதிரி தூசிய வாசல்லயே விட்டுட்டு, உடம்பக் குறுக்கிக்கிட்டு உள்ள வந்துச்சு.

"மாசமா இருக்கற புள்ளையப் பாக்க வெறுங்கையோட வரக் கூடாதாமே?"ன்னு கேட்டுச்சு. கேட்டுட்டு, கூடத்துல மூணு பிளாஸ்டிக் நாற்காலிய மெதுவா எறக்குச்சு. விசா ஆபீஸ்ல காத்திருக்கற இடத்துல கம்பில சேத்து வச்சிருப்பாங்களே, அந்த வரிசை. நடுவுல அறிவழகன். மடியில ஃபைல்.

"வலி எடுத்துருச்சா?" அறிவழகன் எந்திரிச்சான்.

"இப்பத்தான். சாப்டீங்களா?"

"அங்க எங்க சாப்பிட விட்டானுங்க?"

வலது நாற்காலியில இருந்த பெரம்பலூர்க்காரர் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தார். "தம்பி, இது பாஸ்டனுங்களா?"

"கான்சாஸ்ண்ணே."

"பரவால்ல, இங்கயே எறங்கிக்கறேன்."

இடது பக்கத்து அம்மா அசந்து தூங்கிட்டிருந்தாங்க. எழுப்ப மனசு வராம வைதேகி அக்கா போர்வை போத்திவிட்டா.

ராத்திரிக்குள்ள பொண்ணு பொறந்தா. பக்கத்துலயே நின்ன அறிவழகன், பொண்டாட்டி கைய ஒரு நிமிஷம் விடல. செண்பகா சூறாவளியக் கும்புட்டா. "உங்கள இந்த ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்"னா. அதுக்கு வெக்கமாப் போச்சு. சிந்துன எலுமிச்சை சாதத்தக் கூட்டிப் பெருக்கிட்டுக் கிளம்புச்சு.

"போயிட்டு வாங்க," இந்தத் தடவ எல்லாரும் சேந்து சொன்னாங்க. வைதேகி அக்கா குரல்தான் பெருசா கேட்டுச்சு.

அவளே கதவச் சாத்தப் போறப்போ, முழங்கால் ஒசரத்துக்கு ஒரு சின்னக் காத்து வாசல்ல ஒதுங்கி நின்னுச்சு.

"யாருப்பா நீ? எந்த வருஷம்?"

"நான் இன்னும் அடிக்கலக்கா. எனக்கு இன்னும் பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கு."

"அடிக்காட்டி என்ன, பசிக்கும்ல? உள்ள வா."

அது சாப்பிட்டு முடிச்சு, உத்தரத்துல கட்டியிருந்த தூளிகிட்டப் போய் உக்காந்து, ஆட்ட ஆரம்பிச்சுது.