ஒரு சிட்டிகை கரடு

செண்பகவல்லியின் கொல்லையில் காய்த்த கத்தரிக்காய்களுக்கு நிழல் விழாது. பங்குனி வெயிலில் பறித்துத் தூக்கிப் பிடித்தாலும் தரை வெளேரென்றுதான் கிடக்கும். வெண்டைக்கும் தக்காளிக்கும் அதே கதை. சங்கரன்கோவில் தறிக்காரத் தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழம்பில் போட்டால் நிழலா தெரியப்போகிறது? வருஷக்கணக்கில் யூரியாவை மட்டுமே தின்ற மண், உப்புப் பூத்துச் செத்துக் கிடந்தது. அந்தக் காயைத் தின்று வளர்ந்த மகள் இசக்கிசெல்விக்கு நிழல் வெளுக்கத் தொடங்கியபோதுதான் செண்பகவல்லி அவளைத் தினமும் வெயிலில் நிறுத்தி அளந்து பார்க்க ஆரம்பித்தாள்.

முதலில் தலையின் நிழல் போனது. பிறகு கைகள். ஆடித் தபசுத் திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று பிள்ளையின் காலடியில் ஒரு விரற்கடைக் கறுப்புதான் மிச்சம். வெயில் அவளுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. எழுந்து நிற்கத் தெம்பில்லை. டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். மாத்திரைக்கும் நிழல் இல்லை என்பதைச் செண்பகவல்லி வீட்டுக்கு வந்துதான் கவனித்தாள்.

பக்கத்து வீட்டு ஜரினாதான் வழி சொன்னாள். "ஏக்கா, மொதல்ல மண்ணப் பாரு. பாறைத்தூள் போடணுமாம், போன்ல ஒருத்தன் காட்டுதான். இரும்பு, துத்தநாகம்னு என்னென்னமோ சத்து அதுல இருக்காம்."

"தூசியத் தின்னு செடி வளருமாக்கும்?"

"நீ மட்டும் யூரியாவக் கொட்டி என்னத்தக் கிழிச்ச?"

சிவகிரி ரோட்டோரம் முன்பு ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று, இருந்தது. இப்போது அங்கே பள்ளமும் கல்லுடைக்கும் கிரஷரும்தான். தறியில் நிற்கிற புருஷன் வேல்ராஜ் அங்கிருந்து மூட்டை மூட்டையாகத் தூசியை மொபெட்டில் கொண்டுவந்தான். சாணியோடு குழைத்துக் கொல்லையில் புதைத்தார்கள். நல்ல மழை கண்டால்தான் சத்து இறங்கும், அவசரப்படாதே என்றாள் ஜரினா. மழை வரவில்லை. இளையரசனேந்தல் பக்கம் பெய்ததாகச் சொன்னார்கள். செண்பகவல்லி குடம் குடமாக ஊற்றினாள்; மண் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. பிள்ளையின் காலடிக் கறுப்பு எள்ளளவாகச் சுருங்கியது.

அந்த ஊரில் தேள் கடித்தாலும் தேமல் வந்தாலும் கோமதி அம்மன் கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போடுவார்கள். மண்ணே மருந்து என்று பழகிய கை. ஒரு காலையில் செண்பகவல்லி காலிச் சாக்கை உதறி, ஒரு சிட்டிகைத் தூசியைத் தண்ணீரில் கரைத்து, கோமதித்தாயே என்று மகளின் வாயில் ஊற்றிவிட்டாள்.

ஜரினா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி அக்கா! செடிக்குப் போடுதத பிள்ளைக்கா கொடுப்ப?"

"செடி தின்னு முடிக்குத வரைக்கும் இவ இருப்பாளாட்டி?"

பிள்ளை பல்லைக் கடித்தாள். பாறை நொறுங்கும் சத்தம் கேட்டது. வயிறு கல்லாக இறுகியது. வேல்ராஜ் ஆட்டோ பிடிக்க ஓடினான். ஆட்டோவோடு திரும்பியபோது தெருவே இருட்டியிருந்தது. வானத்தில் மேகம் இல்லை. வாசலில் இசக்கிசெல்வி தன் காலில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடமிருந்து கிளம்பிய நிழல் கடைசி வீட்டையும் தாண்டிக் கிடந்தது, மண்டைப்பாறையும் உச்சியில் ஒற்றை இச்சிமரமுமாக. வயதானவர்கள் பார்த்ததுமே சொல்லிவிட்டார்கள்: சிவகிரி ரோட்டுக் கரடு.

"பசிக்கும்மா" என்றாள் பிள்ளை. செண்பகவல்லி சோற்றுப்பானையை எடுக்க உள்ளே ஓடினாள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு கொல்லைக் காய்களுக்கும் அதனதன் அளவில் நிழல் வந்தது. பிள்ளையின் நிழல் மட்டும் குறையவில்லை. அதைக் குறைக்கச் சொல்லிச் செண்பகவல்லி எந்தச் சாமியிடமும் போகவில்லை. தெருவில் பாவு நூலைக் காயப் போட்டவர்கள், "மக்கா, இன்னைக்குச் சுத்திப் போ, நூலு காயணும்" என்பார்கள். பிள்ளையும் சுற்றிப் போவாள். பஸ் ஸ்டாண்டில் அவள் நின்றால் பூக்காரிகள் கூடையோடு நகர்ந்து வருவார்கள். முன்பு அந்தக் கரட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த மூக்காண்டியின் ஆடுகள் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் பின்னால் நடக்கும். தார் ரோட்டில் குனிந்து அவள் நிழலை மேய்ந்து, வயிறு நிறைந்து திரும்பும். வெள்ளிக்கிழமை தோறும் மூக்காண்டி கேட்பார்:

"நாளைக்கு லீவா தாயி? ஆட்ட எங்கன பத்திட்டுப் போக?"