நாற்காலியில் இருந்தவர்

சட்டசபையில் சுருக்கெழுத்து எழுதுபவர்கள் தலை நிமிர்வதில்லை. உயரமான நாற்காலியிலிருந்து குரல் வந்தால் ‘தலைவர்’ என்று போட்டுவிட்டு எழுதிக்கொண்டே போவோம். முகத்தைப் பார்த்தால் இரண்டு வாக்கியம் தவறிவிடும்.

அன்று கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்ததும் உறுப்பினர்கள் பின்வாசல் வழியாக ஓடினார்கள். நான் நோட்டோடு மேசைக்கு அடியில் புகுந்தேன். கண்ணாடி நொறுங்கியது. யாரோ விசில் அடித்தார்கள். பிறகு மேலே ஒலிபெருக்கியில் ஒரு குரல்:

“இந்தச் சபை கலைக்கப்படுகிறது. அரசு நீக்கப்படுகிறது.”

என் கை அதுபாட்டுக்கு எழுதியது. தலைவர், மணி 3.12. எழுதி முடித்த பிறகுதான் அது என் தம்பியின் குரல் என்று உறைத்தது. பேனா நின்றுவிட்டது.

பேருந்துப் பணிமனையில் எலக்ட்ரீஷியன் அவன். யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவான் என்பதால் வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். காவலர்கள் என்னை வெளியே இழுத்து வந்தபோது, தினமும் செய்வதுபோல நோட்டைப் பதிவுப் பிரிவில் ஒப்படைத்துக் கையெழுத்தும் போட்டேன். செய்த பிறகுதான் அந்த வரியும் அதில் இருப்பது நினைவுக்கு வந்தது.

பார்வையாளர் மாடத்துக் கேமராவில் ஒலி கிடையாது. செல்போனில் எடுத்தவர்கள் பயந்துபோய் அழித்துவிட்டார்கள். அவன் சொன்னதற்கு என் நோட்டு மட்டும்தான் சாட்சி. தம்பி அந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருக்கும் படம் எல்லாச் சேனலிலும் ஓடியது. கலவரமா, ஆட்சிக் கவிழ்ப்பா என்று டிவி விவாதங்களில் கோட்டு போட்டவர்கள் கத்தினார்கள். கூட்டத்தைக் கூட்டிய கட்சித் தலைவர், தனக்கு ஒன்றும் தெரியாது என்று கைவிரித்தார். கலவரம் என்றால் இரண்டு வருடம். கவிழ்ப்பு என்றால் தூக்கு.

சாட்சி சொல்வதற்கு முதல் நாள் தம்பி மனைவி போன் செய்தாள்.

“அண்ணி, எங்கப்பா மாதிரி எங்கப்பா முன்னாடியே பேசிக் காட்டுன மனுஷன் அவரு. இதுவும் வெளையாட்டுதான்னு சொல்லிடுங்க.”

“பாக்கலாம்மா.”

“பாக்கலாம்னா என்ன அண்ணி அர்த்தம்? அவரு உங்க தம்பி, அண்ணி!”

நீதிமன்றத்தில் நோட்டிலிருந்து அந்த வரியை வாசித்தேன். அரசு வழக்கறிஞர் திருப்தியோடு உட்கார்ந்தார். தம்பியின் வழக்கறிஞர் எழுந்தார்.

“சபையில சிரிப்பு வந்தா அடைப்புக்குறியில குறிப்பீங்க இல்லையா?”

“ஆமா.”

“அந்தக் கலாட்டாவுல அது விட்டுப்போயிருக்கலாமே? அவர் சொன்னதும் கூட்டம் சிரிச்சுதா?”

மேசைக்கு அடியிலிருந்து நான் பார்த்தது கால்களை மட்டும்தான். அவன் பேசியதும் எல்லாக் கால்களும் நின்றன. செருப்புகளும் பூட்ஸுகளும் மெல்ல அந்த நாற்காலிப் பக்கம் திரும்பின. யாரோ ஒருத்தன் பணிவாகக் கேட்டான்: “அடுத்து என்ன பண்ணணும் ஐயா?” கொஞ்சம் பொறுத்து என் தம்பி சொன்னான்: “கதவையெல்லாம் பூட்டுங்க.” கால்கள் ஓடின. அதில் எதுவும் நோட்டில் இல்லை.

“சிரிச்சாங்க,” என்றேன். “எல்லாருமே சிரிச்சாங்க.”

“அக்கா பாசமா?” என்றார் அரசு வழக்கறிஞர்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி பேசுனதையே எழுதிக் குடுத்தவங்க. இதுல போய் பொய் சொல்லுவாங்களா?”

விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லி நோட்டை என்னிடம் தந்தார்கள். 3.12க்குப் பக்கத்தில் (சிரிப்பு) என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுவாரம் தீர்ப்பு வந்தது. கலவரம், இரண்டு வருடம். தம்பி மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அவனைக் கூட்டிப்போகும்போது என் பக்கத்தில் ஒரு நொடி நின்றான். பிழைத்துக்கொண்டவன் முகமாக அது இல்லை. குனிந்து என் காதருகே சொன்னான்:

“அக்கா, ஒருத்தன்கூட சிரிக்கலையே. உனக்குத் தெரியுமில்ல?”